பஸ்டர் கீட்டன் அத்தனை வேகமாக நடந்தவரல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் மௌனப் பட நகைச்சுவை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சாப்ளினோடு நின்றுவிடாமல் கீட்டன், லாரல்-ஹார்டி வரைக்கும் ஒரு தமிழ் நாளிதழ் நினைத்துப் பார்த்ததற்கு முதலில் நன்றி. ஆனால் அதில் உள்ள இரண்டு செய்திகளை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அந்தக் காலத்துக் கேமரா அவ்வளவுதான், அதனால்தான் எல்லோரும் தத்தித் தத்தி ஓடுகிறார்கள் என்பது ஒன்று. இந்தப் படங்கள் எல்லாமே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும்போது யாராவது காசு கொடுத்து டிஸ்க் வாங்குவார்களா என்பது மற்றொன்று. நான் பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஒரு ரீல், இரண்டு ரீல் மௌன நகைச்சுவைப் படங்களைச் சரிசெய்து வெளியிடும் டிவிடி, ப்ளூ-ரேக்களைப் பல வருஷமாகச் சேர்த்து வருகிறேன். கட்டுரையாசிரியரோடு சண்டைக்கு வரவில்லை. அவர் பார்த்த பிரதிகள் அப்படி இருந்திருக்கும். அந்தப் பிரதிகளைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வேகத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அன்றைக்குக் கேமராவின் கைப்பிடியைக் கையால்தான் சுற்றினார்கள். வினாடிக்கு 16 ஃபிரேம் (ஃபிலிமில் இருக்கும் ஒவ்வொரு தனிப்படமும் ஒரு ஃபிரேம்), 18 ஃபிரேம் என்று ஓடும். 1920களில் அது இன்னும் ஏறியது. பேசும்படம் வந்ததும் ஒலி பிசகாமல் இருக்க 24 என்று நிலைப்படுத்தினார்கள். பழைய படத்தையும் அதே 24இல் ஓட்டினால் என்ன ஆகும்? 16இல் எடுத்தது ஒன்றரை மடங்கு வேகத்தில் பறக்கும். கேமராவில் ஒரு குறையும் இல்லை. பிற்காலத்தில் தொலைக்காட்சிக்கும் வீடியோவுக்கும் மாற்றியவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. துரத்தல் காட்சி வந்தால் கேமராக்காரர் வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகச் சுற்றுவார், திரையில் வேகம் கூடித் தெரியட்டும் என்று. ஆக, எல்லாப் படத்துக்கும் பொருந்துகிற ஒரே எண் என்று எதுவும் கிடையாது. மீட்டெடுப்பவர் ஒவ்வொரு படத்திலும் மனிதர் நடப்பதை, தண்ணீர் விழுவதை, புழுதி அடங்குவதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இதற்குக் கருவியோடு கண்ணும் அனுபவமும் வேண்டும்.

கீட்டன் 1920இல் எடுத்த 'ஒன் வீக்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புதுமணத் தம்பதிக்குப் பெட்டி பெட்டியாக ஒரு வீடு பரிசாக வருகிறது. எண் வரிசைப்படி பூட்டினால் வீடு தயார். பொறாமைக்காரன் ஒருவன் பெட்டியின் எண்களை மாற்றி எழுதிவிடுகிறான். வீடு கோணல்மாணலாக எழும்புகிறது, புயலில் சுழல்கிறது. கடைசியில் அதை வேறு மனைக்கு இழுத்துக்கொண்டு போகும்போது தண்டவாளத்தின் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. கணவனும் மனைவியும் எவ்வளவு தள்ளியும் வீடு அசையவில்லை. இருவரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. வீடு பிழைத்தது. நமக்கும் அப்பாடா என்று இருக்கும். அந்த மூச்சை விட்டு முடிப்பதற்குள் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைச் சிதறடிக்கிறது.

அந்தச் சிரிப்பு முழுக்க இரண்டு ரயிலுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் இருக்கிறது. இழுத்தால் ஊகித்துவிடுவோம், குறைத்தால் நிம்மதி அடையவே நேரமிருக்காது. எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மொட்டைமாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி இந்தப் படத்தைப் போட்டுக் காட்டுவது வழக்கம். பேச்சுக்குப் பதிலாக நடுநடுவே எழுத்து அட்டை வரும்போது நான் தமிழில் சொல்லிவிடுவேன். ஒருமுறை ஏழெட்டு வயசுப் பையன் ஒருவன், "டீச்சர், வீடு தப்பிச்சிட்டு!" என்று எழுந்து நின்று கத்தினான். அவன் வாய் மூடுவதற்குள் மற்ற ரயில் வந்துவிட்டது. அப்புறம் மாடியே அதிர்ந்தது. இணையத்தில் யாரோ ஏற்றி வைத்திருந்த வேகப் பிரதி ஒன்றையும் முன்னொரு சமயம் போட்டுக் காட்டியிருக்கிறேன். அந்த இடத்தில் பிள்ளைகள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் ஒன்றுதான், நடிகரும் அவரேதான். நடுவில் இருக்க வேண்டிய அந்தச் சின்ன அவகாசம்தான் காணாமல் போயிருந்தது.

இலவசம் என்ற பேச்சுக்கு வருகிறேன். 1920களின் அமெரிக்கப் படங்களுக்கு அந்த நாட்டில் இப்போது காப்புரிமை இல்லை. 1929இல் வெளியானவைகூட 2025 ஜனவரி 1ஆம் தேதியோடு பொதுச்சொத்து ஆகிவிட்டன. யார் வேண்டுமானாலும் வெளியிடலாம். ஆனால் உரிமை பொதுவாகிவிட்டது என்பதற்காக நல்ல பிரதி தானாக வந்துவிடாது. பிரதிக்குப் பிரதி, அதற்கும் பிரதி என்று எடுக்க எடுக்க முகத்தில் கண்ணும் புருவமும் கரைந்து வெள்ளையாகிவிடும். கீட்டன் சிரிக்காத நடிகர், எல்லாவற்றையும் கண்ணாலேயே செய்தவர். கண் தெரியாத பிரதியில் அவருக்கு என்ன மிச்சம்?

சாப்ளின் 1916, 1917இல் மியூச்சுவல் நிறுவனத்துக்காக எடுத்த 12 படங்களுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். 'ஈஸி ஸ்ட்ரீட்', 'தி இமிக்ரண்ட்' எல்லாம் அதில் சேர்ந்தவை. 1932இல் வான் பியூரன் நிறுவனம் அவற்றை வாங்கி இசையும் சத்தமும் சேர்த்து மறுபடி வெளியிட்டது. ஒலித்தடம் ஃபிலிமின் ஒரு ஓரத்தில் இடம் பிடிக்கும் அல்லவா? அந்த அளவுக்குப் படத்தின் இடது ஓரம் வெட்டுப்பட்டது. பல தலைமுறைகள் பார்த்துச் சிரித்தது அந்த வெட்டுப்பட்ட பிரதிகளைத்தான். இத்தாலியின் போலோன்யா நகரத்து சினிமா காப்பகமும், பழைய படங்களை மீட்கும் பாரிசின் லோப்ஸ்டர் ஃபிலிம்ஸும் பல இடங்களிலிருந்து பிரதிகளை வரவழைத்து, ஷாட் ஷாட்டாக ஒப்பிட்டு, எது நல்லதோ அதை எடுத்துக் கோத்து அந்த 12 படங்களையும் மீட்டன. 2014இல் அவை ப்ளூ-ரேயில் வந்தன. நடனக்காரரைப் போல உடம்பால் பேசிய மனிதரை முழுச் சட்டகத்துக்குள் உச்சி முதல் உள்ளங்கால் வரை பார்க்க முடிந்தபோது எனக்குக் கண் கலங்கியது.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு கேள்வி எழலாம். இத்தனை பழைய படங்கள் எப்படித்தான் மிஞ்சின? பெரும்பாலும் மிஞ்சவில்லை என்பதே உண்மை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் காங்கிரஸ் நூலகம் 2013இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1912 முதல் 1929 வரை அங்கே எடுத்த முழுநீள மௌனப் படங்கள் 10,919. அவற்றில் முதலில் வெளியான 35 மி.மீ. வடிவத்திலேயே முழுதாகக் கிடைப்பவை 14 சதவீதம்தான். அன்றைய ஃபிலிம் நைட்ரேட். எளிதில் தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டாலும் வருஷம் ஆக ஆகப் பிசுபிசுத்துப் பொடியாகிவிடும். பேசும்படம் வந்த பிறகு ஊமைப் படத்துக்கு மதிப்பு ஏது? அதிலிருக்கும் வெள்ளிக்காக உருக்கியவர்கள் உண்டு. 1937இல் நியூஜெர்சியில் லிட்டில் ஃபெர்ரி என்ற ஊரில் ஃபாக்ஸ் நிறுவனத்தின் கிடங்கு எரிந்து போனதைச் சினிமா வரலாறு படித்தவர்கள் இன்றைக்கும் துக்கமாகத்தான் சொல்கிறார்கள்.

ஆனால் சின்ன நகைச்சுவைப் படங்களுக்கு ஒரு பின்வாசல் இருந்தது. அது வீடு. பிரான்சின் பாத்தே நிறுவனம் 1922இல் வீட்டில் போட்டுப் பார்க்க 9.5 மி.மீ. ஃபிலிமைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் கோடக் நிறுவனம் 1925இலிருந்து கோடாஸ்கோப் நூலகங்கள் மூலமாக 16 மி.மீ. பிரதிகளை வாடகைக்கு விட்டது. வீட்டுக்குள் தீப்பிடிக்கக் கூடாதே என்று இவற்றை எளிதில் தீப்பிடிக்காத அசிடேட் ஃபிலிமில் அச்சடித்தார்கள். பெரும்பாலும் சுருக்கிய பிரதிகள்தான், நீளத்தைக் குறைத்துத்தான் விட்டார்கள். ஆனாலும் ஸ்டூடியோவின் மூலப்பிரதி எரிந்தோ கரைந்தோ போன பிறகு, யாரோ ஒரு குடும்பத்தின் அலமாரியில் பிள்ளைகளின் பிறந்தநாளுக்காக வாங்கி வைத்த ரீல் மட்டும் உலகத்தில் மிச்சம் என்ற நிலை பல படங்களுக்கு வந்தது. அப்புறம் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரத்திலிருந்து பிளாக்ஹாக் ஃபிலிம்ஸ் 8, 16 மி.மீ. பிரதிகளைத் தபாலில் விற்று, இந்தப் படங்களை இன்னொரு தலைமுறையின் வீட்டுக்குள் கொண்டு போய்ச் சேர்த்தது. இன்றைக்கு டிஸ்க் சேர்க்கும் நாங்கள் அந்த வரிசையில் கடைசியாக வந்தவர்கள்.

லாரல்-ஹார்டியின் 'தி பேட்டில் ஆஃப் தி செஞ்சுரி' கதையைச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. 1927இல் வந்த இரண்டு ரீல் படம். லாரல் ஒரு சோப்ளாங்கிக் குத்துச்சண்டைக்காரர். ஹார்டி அவருக்கு மேனேஜர். லாரல் பெயரில் விபத்துக் காப்பீடு எடுத்துவிட்டு, அவரை வழுக்கி விழவைக்க ஹார்டி வாழைப்பழத் தோலைப் போடுகிறார். லாரல் விழவில்லை. கிரீம் பை (கிரீம் நிரப்பிய கேக் மாதிரி ஒரு பலகாரம்) சுமந்து வரும் கடைக்காரர் விழுகிறார். அவர் கோபத்தில் ஒரு பையை எடுத்து வீச, அது போகிற வருகிற ஆள் மேல் பட, அவர் திருப்பி வீச, தெருவே போர்க்களமாகிறது. மூவாயிரம் பை வீசியதாகச் சொல்வது வழக்கம். எனக்கு எண்ணிக்கையில் அக்கறை இல்லை. ஒவ்வொரு ஆளும் ஏன் வீசுகிறார் என்று நமக்குப் புரிகிற மாதிரி அந்தச் சண்டையை ஒன்று ஒன்றாகக் கட்டியிருப்பதுதான் அதிசயம். முதலில் ஒருவர், அப்புறம் இருவர், பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவிக்கும் ஒன்று.

இந்தப் படத்திலிருந்து 1957இல் ராபர்ட் யங்சன் தம்முடைய தொகுப்புப் படத்துக்காக அந்தச் சண்டையைச் சுருக்கி எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மூலப்பிரதி கெட்டுப்போனது. சில நிமிஷத் துண்டுதான் உலகத்துக்கு மிச்சம். முதல் ரீல் 1970களில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் அகப்பட்டது. இரண்டாவது ரீல் போனது போனதுதான் என்று எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். 2015இல் ஒரு சேகரிப்பாளர், தான் விலைக்கு வாங்கியிருந்த பழைய 16 மி.மீ. டப்பாக்களைச் சோதித்துக்கொண்டு வரும்போது ஒன்றில் அந்த இரண்டாவது ரீல் முழுசாக இருந்தது. யங்சனிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்தது. லோப்ஸ்டர் ஃபிலிம்ஸ் அதைச் சரிசெய்தது. 2023இல் லாரல்-ஹார்டி ஜோடியின் முதல் வருஷப் படங்களைத் தொகுத்து வந்த ப்ளூ-ரேயில் இன்று நம் வீட்டிலேயே பார்க்கலாம். முதல் ரீலின் கடைசியில் காப்பீடு எடுக்கும் காட்சி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. நிழற்படங்களையும் எழுத்தையும் வைத்து அந்த இடத்தை ஒட்டியிருக்கிறார்கள். கதையின் முடிச்சே அந்தக் காட்சிதான் என்பதால் எனக்கு ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தில் மனசு ஏங்கும். லாரல்-ஹார்டியின் 'ஹேட்ஸ் ஆஃப்' படமோ ஒரு துண்டுகூட இல்லாமல் மறைந்தே கிடக்கிறது.

சாப்ளினுக்கும் இப்படி ஒன்று நடந்தது. 2010 வாக்கில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பழம்பொருள் விற்பனை ஒன்றில் ஒரு 16 மி.மீ. ரீலை வாங்கியவர், ஏதோ கீஸ்டோன் நிறுவனத்துப் பழைய படம் என்றுதான் நினைத்தார். போட்டுப் பார்த்தால் போலீஸ்காரராகச் சாப்ளின் உள்ளே வருகிறார். 'எ தீஃப் கேச்சர்', 1914. அவர் அதில் நடித்தது அதுவரை பட்டியல்களிலேயே இல்லை.

பெண்களைப் பற்றிக் கட்டுரை ஒரு வரியும் எழுதவில்லையே என்பது எனக்குத் தனி வருத்தம். மேபல் நார்மண்டைச் சிலருக்காவது தெரியும். ஆலிஸ் ஹவல் என்று ஒரு அம்மாள் இருந்தார். தலையில் சுருட்டை முடியைக் கோபுரமாகக் குவித்துக்கொண்டு, இடுப்பை விறைத்துத் தத்தக்கா பித்தக்கா என்று நடப்பார். வேலைக்காரி, சமையல்காரி, ஓட்டல் பணிப்பெண் என்று உழைக்கிற பெண்ணாகவே பெரும்பாலும் வருவார். ஊரே சிரித்த காலம் அது. அப்புறம் படங்கள் சிதறி, பெயரும் மறைந்துவிட்டது. மௌனப் படத்துக்கு ஆர்கனும் பியானோவும் வாசிக்கும் பென் மாடல், நியூயார்க்கிலிருந்து நடத்துகிற சின்ன வெளியீட்டின் மூலம் 2019இல் அவருடைய படங்களைத் தொகுத்து டிவிடியாகக் கொண்டுவந்தார். இதே பென் மாடல் 2013இல், வேறு எங்கும் பிரதி இல்லாத படங்களின் 16 மி.மீ. ரீல்களை ஏலத்தில் வாங்கி, ரசிகர்களிடம் பணம் திரட்டி டிஸ்க் போட்டவர். ஆலிஸ் ஹவலின் பேரன் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் ஜூனியர்தான் அமெரிக்கத் திரைப்பட நிறுவனத்தின் முதல் இயக்குநர் என்பதைத் தெரிந்துகொண்டபோது அன்றைக்கு முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆகவே ஒரு டிஸ்க்கின் விலையைப் பார்த்து யோசிப்பவர்களுக்கு நான் சொல்வது இது: அந்தக் காசுதான் அடுத்த ரீலை ஸ்கேன் செய்யப் போகிறது. பெரிய கம்பெனிகள் இந்தச் சின்னப் படங்களின் பக்கம் அவ்வளவாக வருவதில்லை. வாங்குகிற சில ஆயிரம் பேரை நம்பித்தான் இது நடக்கிறது. வாங்கும்போது கவனிக்க வேண்டியதும் உண்டு. உலகத்தின் ஒரு பகுதிக்கென்று விற்கும் டிஸ்க் வேறு பகுதியின் பிளேயரில் ஓடாமல் போகலாம். அமெரிக்க டிவிடிகள் பகுதி 1. நம் ஊர் பிளேயர் பகுதி 5. ப்ளூ-ரேயில் நாம் 'சி' பகுதி. எல்லாப் பகுதியிலும் ஓடும் என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் பணம் வீணாகாது. கீறல் ஒன்றுகூடத் தெரியக் கூடாது என்று கம்ப்யூட்டரில் தேய்த்துத் தேய்த்து முகத்தை மெழுகாக்கிவிடும் வெளியீடுகளும் வருகின்றன. அவற்றை நான் வாங்குவதில்லை. கீறல் இருக்கட்டும், அந்த மனிதரின் தோல் தோலாகத் தெரிய வேண்டும்.

இதெல்லாம் அமெரிக்காக்காரர் கதை, நமக்கென்ன என்று கேட்கலாம். சென்னையில் நடராஜ முதலியார் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் முழுநீளப் படம். இன்று அதில் ஒரு அடிகூடக் கிடையாது. நம்முடைய மௌனப் படங்களுக்கு அந்த நாளில் வீட்டுப் பிரதி என்ற பின்வாசல் இல்லாமல் போனது பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன். தியேட்டர் பிரதி தேய்ந்ததோடு கதை முடிந்தது. பி.கே. நாயர் புனே தேசியத் திரைப்படக் காப்பகத்தில் இருந்துகொண்டு ஊர் ஊராக அலைந்து சேர்த்ததுதான் மிச்சம். அதே சமயம், சென்னை பிரசாத் நிறுவனத்தில் நம் பிள்ளைகள் வெளிநாட்டுப் படங்களை ஃபிரேம் ஃபிரேமாகச் சுத்தம் செய்து கொடுக்கிறார்கள். 2017இல் மும்பையின் ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் படப் பாதுகாப்புப் பயிலரங்கைச் சென்னையிலேயே நடத்தியது. கை வேலை தெரிந்தவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். வேலை செய்ய ஃபிலிம் வேண்டுமே.

அதனால் தங்கள் இதழ் வழியாக இரண்டு வேண்டுகோள்.

முதலாவது நூலகங்களுக்கு. மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகம், சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகம் போன்ற பெரிய நூலகங்கள் இந்த மீட்டெடுத்த தொகுப்புகளை வாங்கி வைத்து, மாதம் ஒரு நாள் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம். மொழி தெரிய வேண்டியதில்லை. எழுத்து அட்டையைத் தமிழில் படிக்க ஒரு ஆள் இருந்தால் போதும். திருநெல்வேலியில் நடத்துவதாக இருந்தால் நானே வந்து படிக்கிறேன்.

இரண்டாவது வீடுகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும். நான் படித்த கன்னியாஸ்திரிகள் பள்ளிக்கூடத்தில் வருஷ முடிவில் 16 மி.மீ. புரொஜெக்டரில் சாப்ளின் படம் காட்டுவார்கள். அப்படிப்பட்ட பழைய பள்ளிகளின் ஸ்டோர் ரூமிலும், பர்மாவிலிருந்தும் மலாயாவிலிருந்தும் வந்த குடும்பங்களின் பரணிலும் இன்னும் ரீல் டப்பாக்கள் கிடக்கலாம். தயவுசெய்து பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். என்ன இருக்கிறது பார்ப்போம் என்று பழைய புரொஜெக்டரில் மாட்டி ஓட்டவும் வேண்டாம். சுருங்கிப்போன ஃபிலிமின் ஓரத் துளைகளைப் பல்சக்கரம் கிழித்துவிடும். டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் அசிடேட் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதை மற்ற ரீல்களோடு வைக்காமல், காற்றோட்டமும் குளுமையும் உள்ள, ஈரம் படாத இடத்தில் தனியாக வையுங்கள். வெளியே எழுதியிருப்பதை, அழுக்கு லேபிளாக இருந்தாலும், கிழித்துப் போடாதீர்கள். அதை அப்படியே ஒரு போட்டோ எடுத்து புனே தேசியத் திரைப்படக் காப்பகத்துக்கோ மும்பை ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷனுக்கோ எழுதிக் கேளுங்கள்.

இந்த இரண்டு இடங்களின் முகவரியையும் தாங்கள் அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால், கட்டுரையைப் படித்த அத்தனை பேருக்கும் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
வாசகி, ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை.